அடுப்பு மேடைக்குப் பந்தல் போட்டவர்கள்

ஆண்டவர் மூளையைப் பங்கு வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அன்று, எல்லாரும் வெயிலில் வரிசையில் நிற்கிறார்களே என்று இரக்கப்பட்டு, அந்த வரிசைக்குப் பந்தல் போடப் போய்விட்ட மூன்று பேருடைய கதை இது. பந்தலைப் போட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தபோது பங்கு முடிந்து, அண்டாவையும் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

மூன்று பேரும் அண்ணன் தம்பிகள். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், வெந்நீர் வைத்தால் பானையின் அடியில் சுண்ணாம்பு மிஞ்சுகிற ஓர் ஊரில் இருந்தார்கள். மூத்தவன் சவரிநாயகம், நடுவில் ஞானாதிக்கம், கடைசி தைரியநாதன். ஞானஸ்நானத்தில் பெயர் வைத்த சாமியாருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும். ஞானாதிக்கத்திடம் ஞானமும் தைரியநாதனிடம் தைரியமும் எந்தக் காலத்திலும் தலைகாட்டியதில்லை.

தொழில், பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுவது. அதில் மட்டும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கீழே கம்பு ஊன்றி மேலே துணி கட்டினால் பந்தல். மூளைக்கு அங்கே வேலையே இல்லை. ஊரில் உள்ள அத்தனை பேர் கல்யாணத்துக்கும் பந்தல் போட்ட சவரிநாயகத்துக்கு, நாற்பது தாண்டியும் தன் கல்யாணத்துக்கு ஒரு கம்பு நடக் கொடுத்து வைக்கவில்லை.

கடைசியில் தரகர் உண்மையைச் சொன்னார். "உன் முகத்தை ஒண்ணும் பண்ண முடியாது சவரி. சமையல்கட்டையாவது மாத்து."

சவரிநாயகம் மாற்றினான். பழைய சிமெண்டு மேடையை இடித்துவிட்டு, முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட் கல் ஒன்றை ஒரே பலகையாக வாங்கிப் போட்டான். அடுத்த ஞாயிறே தரகர் எமல்டா டீச்சரையும் அவளுடைய அம்மா ஆக்னஸம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

எமல்டா, கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். வயது முப்பத்தைந்துக்கு மேல். பொறுமை மட்டும் பதினைந்திலேயே தீர்ந்து போனவள். இதற்கு முன்னால் வந்த மாப்பிள்ளைகளின் வீட்டில் எல்லாம் அவள் செய்ததையே இங்கேயும் செய்தாள். கூடத்தில் போட்டிருந்த சோபாவைப் பார்க்கவில்லை. தட்டில் வைத்த மிக்சரைத் தொடவில்லை. நேராகச் சமையல்கட்டுக்குள் நுழைந்தாள். ஆம்பளை எப்படிப்பட்டவன் என்பதை அவன் வீட்டு அடுப்பு மேடையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், மூஞ்சியைப் பார்த்து என்ன தெரியும் என்பது அவள் கட்சி.

சவரிநாயகம் வாசற்படியில் நின்று பார்த்தான். அவள் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவினாள். கல்லுக்குள் அவள் முகம் தெரிந்தது. மேலே ஒரு எமல்டா, கீழே ஒரு எமல்டா. ஒருத்தி கிடைத்தாலே போதும் என்று இருந்தவனுக்கு இரண்டு பேரைக் காட்டியதும், அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"இது என்ன?" என்றாள் எமல்டா.

கல்லின் நடுவில், வெள்ளையாக, டம்ளர் அடி அளவுக்கு ஒரு வளையம் இருந்தது. யாரோ ஈர டம்ளரை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் உட்கார்ந்துவிட்டது.

மூன்று பேரும் அந்த வளையத்தை முதன்முறையாகப் பார்ப்பது போல் பார்த்தார்கள். உண்மையிலேயே முதன்முறைதான்.

"புதுக் கல்லு. அதுக்குள்ள இப்படியா?" என்றாள் எமல்டா. "போர் தண்ணிதானே உங்களுக்கு? அப்படியே காய விட்டா உப்பு பூக்கத்தான் செய்யும். இங்க பாருங்க, கல்லுல தண்ணி பட்ட உடனே காஞ்ச துணியால துடைக்கணும். டம்ளர், சொம்பு எதையும் நேரா கல்லு மேல வைக்கக் கூடாது, கீழ ஏதாவது வெச்சுட்டு வைக்கணும். எலுமிச்சம்பழம், வினிகர் போட்டுத் தேய்க்கிறேன்னு கிளம்பிராதீங்க, பாலிஷ் போயிரும். இந்த வளையத்துக்கு, ஆப்ப சோடாவைக் கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைச்சு மேல அப்பி, மூடி வைங்க. மறுநாள் மூடியை எடுங்க. போயிரும்."

துடைத்து எடுக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட அதை அவள் சொல்ல வேண்டி வந்ததில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்றேன்," என்றாள். "இந்த வளையமும் இருக்கக் கூடாது, புதுசா ஒண்ணும் வந்திருக்கக் கூடாது. அப்புறம் பேசலாம்."

"இருந்துச்சுன்னா?" என்று சவரிநாயகம் மெல்லக் கேட்டான்.

"இருந்துச்சுன்னா நான் என் தையலைப் பார்க்கிறேன். நீங்க உங்க பந்தலைப் பாருங்க."

அவள் போனதும் சவரிநாயகம் தம்பிகளை உட்கார வைத்தான். "டேய், டீச்சர் சொன்னதுல ஒரு சொல்லு கூடக் குறையவும் கூடாது, கூடவும் கூடாது. நம்ம சொந்தப் புத்தியை யாரும் உள்ள விட வேண்டாம்." அந்தக் கவலை மட்டும் அவனுக்குத் தேவையில்லாத கவலை.

ஆளுக்கொரு பொறுப்பு பிரித்துக்கொண்டார்கள். துணி தைரியநாதனுக்கு. டம்ளர் ஞானாதிக்கத்துக்கு. வளையம், கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன் என்பதால், சவரிநாயகத்துக்கு.

திங்கட்கிழமை காலையில் தைரியநாதன் மேடைக்குப் பக்கத்தில் வாடகை நாற்காலி ஒன்றைப் போட்டு, மடியில் காய்ந்த துண்டோடு உட்கார்ந்தான். பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற தொட்டியின் குழாயிலிருந்து ஒரு சொட்டு தெறித்துக் கல்லில் விழுந்தது. பாய்ந்து துடைத்தான். பிறகு துண்டைப் பார்த்தான். முகம் வெளிறியது.

"அண்ணே, துண்டு ஈரமாயிருச்சு."

ஞானாதிக்கம் வந்து துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். "எவ்வளவு ஈரம்?"

"ஒரு சொட்டு. அது தவிர மத்த இடமெல்லாம் காஞ்சுதான் இருக்கு."

"ஒரு சொட்டு பாலிடால் விழுந்த பாயசத்தைக் கொடுத்து, அது தவிர மத்ததெல்லாம் பாயசம்னு சொன்னா குடிப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப இதும் காஞ்ச துணி இல்ல. தூரப் போடு. அடுத்ததை எடு."

குழாய் சொட்டுவதை நிறுத்தவில்லை. தைரியநாதனும் துடைப்பதை நிறுத்தவில்லை. சொட்டுக்கு ஒரு துணி. துண்டுகள் தீர்ந்தன. லுங்கிகள் தீர்ந்தன. பிறகு படுக்கை விரிப்பு, பனியன், தலையணை உறை. மத்தியானத்துக்குள் கடையிலிருந்து மேசை விரிப்புகளும் நாற்காலிகளுக்கு மாட்டுகிற வெள்ளை உறைகளும் வந்து இறங்கின. கல்யாணத்துக்கென்று சவரிநாயகம் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருந்த பட்டு வேட்டியும் தன் ஒரு சொட்டை வாங்கிக்கொண்டது.

"இத்தனையும் அழுக்குத் துணி," என்றான் சவரிநாயகம். "துவைச்சுக் காயப் போடுங்க. நாளைக்கு வேணும்."

துவைத்தார்கள். எங்கே காயப் போடுவது என்பதில் கொஞ்சம் விவாதம் நடந்தது.

"கொல்லையில போடலாம்," என்றான் தைரியநாதன்.

"டீச்சர் உடனேன்னு சொல்லியிருக்கு," என்றான் ஞானாதிக்கம். "சொட்டு விழுந்தப்புறம் நீ கொல்லைக்கு ஓடித் துணி எடுத்துட்டு வந்தா அது உடனேயா?"

அது உடனே இல்லை என்பதை மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள். எனவே மேடைக்கு நேர் மேலே, கை எட்டும் தூரத்தில், கயிறு கட்டி எல்லாத் துணியையும் பிழிந்தும் பிழியாமலும் தொங்கவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கல்லின் மேல் ஐப்பசி மழை மாதிரி சொட்டத் தொடங்கியது. துடைப்பதற்குக் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் மேலே நின்று சொட்டிக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கயிற்றை அவிழ்த்திருப்பார்கள். இவர்கள் தொழிலாளிகள். மழை பெய்தால் என்ன செய்வது என்பது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கடைக்கு ஓடிப்போய்க் கம்பும் தார்ப்பாயும் கொண்டுவந்து, அடுப்பு மேடைக்குப் பந்தல் போட்டார்கள். வேலை சுத்தமாக இருந்தது. ஓரத்துக்குச் சிவப்பும் மஞ்சளுமாக ஜாலரும் கட்டினார்கள். அதில்லாமல் பந்தல் பந்தல் மாதிரி இருக்காது என்று தைரியநாதன் சொன்னான்.

குழாய் விஷயம் பாக்கியிருந்தது. சவரிநாயகமே மொட்டை மாடிக்கு ஏறி, தொட்டியின் வால்வை மூடிவிட்டு வந்தான். வீட்டில் எங்கேயும் ஒரு சொட்டு வரவில்லை.

"அண்ணே, சோத்துக்குத் தண்ணி?" என்றான் தைரியநாதன்.

"சோறா டீச்சரா, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

தைரியநாதன் வெகுநேரம் யோசித்தான். அவனுக்கு அது சுலபமான கேள்வியாக இல்லை. கடைசியில் டீச்சர் என்றான். அந்த வாரம் பொரியும் வெல்லமும் தின்றார்கள்.

இதற்குள் ஞானாதிக்கம் தன் டம்ளர் பொறுப்பில் இறங்கியிருந்தான். டம்ளரை நேராகக் கல் மேல் வைக்கக் கூடாது, கீழே ஏதாவது வேண்டும். ஒரு தட்டை வைத்து, அதன் மேல் டம்ளரை வைத்தான். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தான். ஏதோ உறுத்தியது.

"தம்பி, டம்ளர் எங்க இருக்கு?"

"தட்டு மேல."

"தட்டு?"

"கல்லு மேல."

"நேராவா, கோணலாவா?"

தைரியநாதன் குனிந்து பார்த்தான். "நேராத்தான் இருக்கு."

"எதையும் நேரா வைக்கக் கூடாதுன்னுச்சு."

தட்டுக்குக் கீழே மணைக்கட்டை வந்தது. மணைக்கட்டையும் நேராகக் கல் மேல்தான் இருந்தது. அதற்குக் கீழே பிரியாணித் தாம்பாளம். அதற்குக் கீழே இட்லிக் கொப்பரையின் மூடி. கடையில் பாத்திரத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றையும் நுழைப்பதற்கு மேலே உள்ள அத்தனையையும் தைரியநாதன் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். சாயங்காலம் டம்ளர் பந்தல் துணியில் போய் முட்டியது. துணிக்கும் தட்டுக்கும் நடுவில் இறுக மாட்டிக்கொண்டதை யாராலும் எடுக்க முடியவில்லை. எடுக்க முடியாததால் யாரும் அதில் குடிக்கவில்லை. குடிக்காததால் கறையும் விழவில்லை. ஞானாதிக்கம் கையைத் தட்டித் தூசி உதறிவிட்டு, "என் வேலை முடிஞ்சது" என்றான்.

சவரிநாயகத்துக்குத்தான் வேலை முடியவில்லை. அந்த வளையம் இருந்தது. பொரி தின்னும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். கல்யாண மோதிரம் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடி நினைத்தால், இந்த வளையம்தான் வரும்.

பக்கத்து வீட்டில் அரைச் சொம்பு தண்ணீர் வாங்கி, ஆப்ப சோடாவைக் குழைத்தான். வளையத்தின் மேல் அப்பினான். கடையில் இருந்ததிலேயே பெரிய பிரியாணி அண்டாவை நாலு பேர் உதவியோடு தூக்கி வந்து அதன் மேல் கவிழ்த்தான். டம்ளர் அடி அகலக் கறைக்கு இரண்டு ஆட்டுக்கறி வேகிற அண்டா. டீச்சர் மூடி வைக்கத்தானே சொன்னாள், எதைக் கொண்டு என்று சொல்லவில்லை.

மறுநாள் அண்டாவைத் தூக்கினார்கள். வளையம் இருந்த இடத்தில் காய்ந்துபோன சோடா, அப்பளம் அளவுக்கு, பாளம் பாளமாக வெள்ளையாய் இருந்தது.

"வளர்ந்திருக்கு," என்றான் தைரியநாதன்.

"பேசாம இரு," என்றான் சவரிநாயகம். "மூடியை எடுங்க, போயிரும்னுச்சு. எடுத்தாச்சு. இனி அதுவா போகணும்."

நின்று பார்த்தார்கள். அது போகவில்லை. உட்கார்ந்து பார்த்தார்கள். அப்போதும் போகவில்லை.

"எப்பப் போகும்னு டீச்சர் சொல்லலையே," என்றான் ஞானாதிக்கம். பிறகு அவனுக்கு ஒன்று தோன்றியது. "அண்ணே, நாம மூணு தடியனுங்க முறைச்சுப் பார்த்துக்கிட்டு நின்னா அது எப்படிப் போகும்? நம்ம சித்தப்பா நம்ம வீட்டுக்கு வந்தா, நாம தூங்குற நேரம் பார்த்துச் சொல்லாமக் கிளம்பிப் போவாரே, அது மாதிரி."

அதில் நியாயம் இருப்பதாக மற்ற இருவருக்கும் பட்டது. கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, மூன்று பேரும் வாசலில் போய்த் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பேச்சு. வெயில் சாயும்வரை உட்கார்ந்தார்கள். உள்ளே ஒரு கோழி வந்துவிட்டுப் போனது. கறை போகவில்லை.

"கதவு தெரியலையோ என்னமோ," என்றான் தைரியநாதன்.

மறுநாளும் அது போகாததைப் பார்த்துவிட்டு, சவரிநாயகம் கடைக்குப் போய்விட்டான். சனிக்கிழமை மத்தியானம். நாளைக்கு இந்நேரம் எமல்டா வந்து, பார்த்து, திரும்பிப் போயிருப்பாள். மடித்து வைத்திருந்த பந்தல் துணிகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்தான். எதிரே, வெளுத்துப்போன பழைய ஷாமியானா ஒன்று தொங்கியது. எந்தக் காலத்திலோ அதில் குழம்பு கொட்டி ஒரு கறை இருந்தது. அப்போதெல்லாம் வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் அந்தக் கறையைக் காட்டிக் காட்டி மூஞ்சியைச் சுளிப்பார்கள். வெயிலில் கிடந்து முழுத் துணியும் கறையின் நிறத்துக்கே வந்த பிறகு, ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை. "சந்தன கலர் நல்லா இருக்கே" என்று எடுத்துப் போகிறார்கள்.

சவரிநாயகம் எழுந்து நின்றான். அவன் வாழ்க்கையில் அவனுக்கே சொந்தமாக வந்த முதல் யோசனை அது. வந்த வேகத்தில் தலை லேசாகச் சுற்றியது.

"கறைன்னா என்ன?" என்று தம்பிகளைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"ஒரு இடத்துல மட்டும் இருக்கிறது," என்றான் ஞானாதிக்கம்.

"எல்லா இடத்துலயும் இருந்தா?"

ஞானாதிக்கம் அண்ணனை மரியாதையோடு பார்த்தான். "அப்ப அது கலரு."

மளிகைக் கடையில் இருந்த ஆப்ப சோடாப் பொட்டலங்கள் அத்தனையையும் வாங்கினார்கள். ஆப்பக் கடை வைக்கப் போகிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, கல்யாணம் என்றான் சவரிநாயகம். அண்டாவில் கொட்டி, தண்ணீர் விட்டு, சாம்பார் கிளறுகிற கரண்டியால் குழைத்து, ஞானாதிக்கத்தின் கோபுரத்தை இறக்கி வைத்துவிட்டு, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கனமாக அப்பினார்கள். டீச்சர் மூடி வைக்கச் சொன்னதை மறக்காமல் மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தார்ப்பாயை உருவியபோது, மேடை தூத்துக்குடி உப்பளம் மாதிரி பளீரென்று இருந்தது. வளையத்தை எங்கே தேடியும் காணவில்லை. தைரியநாதன் சிலுவை போட்டுக்கொண்டான்.

பூசை முடிந்து எமல்டாவும் ஆக்னஸம்மாவும் வந்தார்கள். எமல்டா வழக்கம்போல நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள எதுக்குப் பந்தல்?"

"சொட்டு விழாம இருக்க, டீச்சர்," என்றான் தைரியநாதன்.

"சொட்டு எங்கேருந்து விழும்?"

"மேல காயுற துணியிலேருந்து."

"துணி எதுக்கு இங்க காயுது?"

"மேடையைத் துடைக்க."

எமல்டா அவனை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பை ஒரே நொடியில் வாயடைக்க வைக்கிற பார்வை. தைரியநாதன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்து சிரித்தான்.

அவள் ஜாலரை விலக்கிவிட்டு, குனிந்து பந்தலுக்குள் போனாள். பின்னால் வந்த ஆக்னஸம்மாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். "மார்பிளா மாத்திட்டீங்களா தம்பி?" என்றாள். "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு. எமல்டா, இவங்க செலவுக்கு அஞ்சுறவங்க இல்ல போல."

சவரிநாயகத்துக்கு மூச்சு திரும்பி வந்தது.

எமல்டா ஆள்காட்டி விரலை நீட்டி, வெள்ளையின் மேல் ஒரு கோடு இழுத்தாள். விரல் போன வழியில் கறுப்பாக ஒரு கீற்று தெரிந்தது.

தைரியநாதன் அதைக் கை நீட்டிக் காட்டினான். "அண்ணே, கறை."

"துடைடா," என்றான் ஞானாதிக்கம்.

அன்றைக்குத்தான் அவனிடம் நிஜமாகவே காய்ந்த துணிகள் இருந்தன. ஒன்றை உருவி, அந்தக் கறுப்புக் கீற்றைத் துடைத்தான். கீற்று பட்டை ஆனது. இன்னொரு துணி. பட்டை பாய் அளவு ஆனது.

"நிறுத்துடா, பரவுது."

"கறை இருக்கும்போது எப்படிண்ணே நிறுத்துறது? டீச்சர் பக்கத்துலயே நிக்குது."

அவன் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் கோக்க, துணி மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டே போனான். சுவர்ப் பக்கம், ஓரம், மூலை. வெள்ளை பின்வாங்கப் பின்வாங்க, கறுப்பு அதன் பின்னாலேயே போய்க் கடைசி மூலையையும் பிடித்தது. மேடை முழுக்க ஒரே கறுப்பு. தைரியநாதன் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்தான். ஞானாதிக்கம் கையைக் கட்டிக்கொண்டு, சாவு வீட்டில் நிற்பது போல நின்றான்.

சவரிநாயகம் கல்லைப் பார்க்கவில்லை. எமல்டாவின் பாதத்தைப் பார்த்தான். அது வாசலை நோக்கித் திரும்பும் என்று காத்திருந்தான்.

பாதம் திரும்பவில்லை. எமல்டா கல்லின் மேல் முகத்தைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தாள். உள்ளங்கையால் தடவினாள். வளையம் இல்லை. ஒரு புள்ளி இல்லை. இரவு முழுக்கச் சோடா ஊறியதில், வாங்கிய அன்றைக்குக்கூட இல்லாத பளபளப்பு வந்திருந்தது. இவ்வளவு சோடாவை அவள் சொன்னதில்லை. இவ்வளவு சொல்லியிருந்தாலும் உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

அவள் நிமிர்ந்து சவரிநாயகத்தைப் பார்த்தாள். முன்னால் பார்த்த மாப்பிள்ளைகளை நினைத்துக்கொண்டாள். எல்லாரும் கெட்டிக்காரர்கள். கல்லுக்கு எதுக்கும்மா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டுவிட்டு, அந்தக் கையோடேயே ஈர டம்ளரை மேடையில் வைத்தவர்கள். ஒருத்தன், துடைக்கத்தானே நீ வரப் போற என்றும் சொன்னான். இவனுக்கு அந்த அளவுக்கு மூளை இல்லை. சொன்னால் செய்கிறான். கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"அம்மா, சாமியார்கிட்ட கல்யாண ஓலை கொடுத்துரலாம்," என்றாள். "அடுத்த வாரத்துலேருந்து கோவில்ல வாசிக்கட்டும்."

"வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்லலாமே," என்றாள் ஆக்னஸம்மா.

"யோசிச்சாச்சு. இந்த வீட்டுல இனி யோசிக்கிறது நான் மட்டும்தான்." பிறகு சவரிநாயகத்தின் பக்கம் திரும்பினாள். "ஓலை வாசிச்சு முடிஞ்சு கல்யாணமாகி நான் இங்க வர்ற வரைக்கும், இந்தப் பாலிஷ் மேல ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது. புரியுதா?"

"புரியுது டீச்சர்," என்றான் சவரிநாயகம்.

அவர்கள் போன பிறகு மூன்று பேரும் மேடையைச் சுற்றி நின்றார்கள். சந்தோஷம் இருந்தது, அதைவிடப் பயம் இருந்தது. ஒரு வாரம் காப்பாற்றுவதற்கே வீட்டில் லுங்கி மிஞ்சவில்லை. இன்னும் எத்தனையோ வாரம் இருக்கிறது. பந்தலுக்கு வேறு முகூர்த்த மாதத்தில் நாலு வீட்டிலிருந்து ஆள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

"தண்ணி எங்கேருந்து விழுது?" என்றான் ஞானாதிக்கம். அவன் குரலில் ஒரு கனம் வந்திருந்தது.

"மேலேருந்து," என்றான் தைரியநாதன்.

"கீழேருந்து மேல விழுந்து யாராவது பார்த்திருக்கீங்களா?"

சவரிநாயகம் தன் ஆயுசு முழுவதையும் நினைத்துப் பார்த்தான். பார்த்ததில்லை.

"டீச்சர் எது மேல தண்ணி படக் கூடாதுன்னுச்சு? கல்லு மேலயா?"

"இல்ல. பாலிஷ் மேல."

"பாலிஷ் எந்தப் பக்கம் இருக்கு?"

அதற்கு மேல் பேச வேண்டியிருக்கவில்லை. கல்லைச் செங்கல் தூண்களின் மேல் தூக்கி வைத்துவிட்டு, பூச்சு பூச நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போன கொத்தனார், கொத்தனார்களின் வழக்கப்படி இன்னும் வந்திருக்கவில்லை. அது ஒரு வசதியாகப் போயிற்று. அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் பந்தல் ஆட்கள் சிலரும் சேர்ந்து, கயிறும் மூங்கிலும் கொடுத்து, குழந்தையைக் குப்புறப் போடுகிற பதத்தில், விரிசல் ஒன்று விழாமல் வேலையை முடித்தார்கள்.

மறுநாள் மத்தியானம், பள்ளியில் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம் பார்த்து, சவரிநாயகம் எமல்டாவுக்குப் போன் செய்தான். அவனாக அவளுக்குச் செய்த முதல் போன்.

"டீச்சர், நான்தான். ஒரு நல்ல சேதி. இனி நீங்க துடைக்கவே வேண்டியதில்ல. ஒரு குடம் தண்ணியை மேடையில கொட்டிப் பார்த்துட்டோம். காஞ்சும் போச்சு. கறை இருக்கிறதே தெரியல."

எமல்டா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். "தண்ணி கொட்டினீங்களா? பாலிஷ் என்னாச்சு?"

"பத்திரமா இருக்கு டீச்சர். ஒரு சொட்டு படல. இனி இடிமழை பெஞ்சாலும் படாது. பாலிஷைக் கீழ பக்கம் திருப்பிப் போட்டுட்டோம்."

"கீழ பக்கமா?" என்றாள் எமல்டா. அவள் எதற்காகக் கவலைப்படுகிறாள் என்பது சவரிநாயகத்துக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் கல்லில் கை வைத்தபோது தெரிந்த அந்த முகத்தை அவனும் மறக்கவில்லை.

"உங்க முகம் பார்க்க முடியாதேன்னு நினைக்காதீங்க," என்றான் ஆறுதலாக. "மேடைக்கு அடியில பாய் விரிச்சு, தலைமாட்டுல ஒரு லைட்டும் போட்டு வெச்சிருக்கோம். மல்லாந்து படுத்துப் பார்த்தா, அவ்வளவு தெளிவாத் தெரியுது. தைரியநாதன் காலையிலேருந்து அதுக்குள்ளதான் படுத்து, தலை சீவிக்கிட்டிருக்கான்."